தன் மக்களை நேசிப்பதும் அவர்களிடம் உண்மை பேசுவதும்

தன் சமுதாயத்தை உளமார நேசிக்கும் ஒருவர், அந்தச் சமுதாயம் இழைக்கும் தவற்றை வாய்திறந்து சொல்லலாமா? சொன்னால் அது துரோகமா, கடமையா? சிறுபான்மையாய் வாழும் மக்களிடையே ஓயாமல் எழும் கேள்வி இது. வெளியே நம்மைத் தூற்றுவோர் பலர் இருக்க, வீட்டுக் குறையை நாமே எடுத்து வீதியில் வைப்பதா என்பது ஒரு சாராரின் வாதம். மூடி வைத்த புண் புரையோடிப் போகாதா என்பது மறுசாராரின் வாதம். நம் ஜமாஅத்துகளிலும் குடும்பங்களிலும் இவ்விரு குரல்களையும் கேட்டே வருகிறோம்.

இக்கேள்வியை வாழ்நாள் முழுதும் சுமந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அவர் நம் மொழியினர் அல்லர்; நம் மார்க்கத்தினரும் அல்லர். வட அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் பிறந்து, 1995ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற சீமஸ் ஹீனி என்னும் கவிஞர் அவர். இளமைக்குப் பின் தம் சமயத்தின் வழிபாட்டுக் கடமைகளில் அவர் உறுதியாய் நிற்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அவ்வழியில் நாம் அவரைப் பின்தொடர வேண்டியதில்லை. ஆயினும் குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் அவர் எழுதிய முறையில் நமக்குப் பாடம் உண்டு. தன் மக்களை நேசிப்பதும் அவர்களைப் பற்றி உண்மை பேசுவதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. முன்னது மெய்யானால் பின்னது தானே வரும் என்பதே அப்பாடம்.

இரு சமூகங்கள், ஒரு மண்

அவர் பிறந்த மண்ணைச் சற்றே அறிந்துகொள்வோம். 1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, வடபகுதியின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையினர்; கத்தோலிக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலைவாய்ப்பிலும் தேர்தல் வட்டங்களை வகுப்பதிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாகக் கத்தோலிக்கர் நெடுங்காலம் முறையிட்டனர். 1960களின் இறுதியில் உரிமைப் போராட்டம் வெடித்தது. தொடர்ந்து ஆயுதங்கள் பேசத் தொடங்கின. 1998 ஏப்ரல் 10ஆம் நாள் உடன்படிக்கை எட்டப்படும் வரை, சுமார் 3,500 பேர் மாண்டனர். ஒரே இறைவனை வணங்குவதாகச் சொன்ன இரு கூட்டத்தார் அடுத்தடுத்த வயல்களில் உழுதுகொண்டே ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த காலம் அது.

ஹீனி 1939 ஏப்ரல் 13ஆம் நாள், டெரி மாவட்டத்தின் மோஸ்பான் என்னும் பண்ணை வீட்டில் பிறந்தார். புல் வேய்ந்த கூரை, மூன்றே அறைகள். ஒன்பது பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை உழவர், மாட்டு வணிகர். வார்த்தைகளைச் சிக்கனமாய்ச் செலவிடுபவர். தாயோடு அத்தை ஒருவரும் அந்த வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். 12ஆம் வயதில் உதவித்தொகை பெற்று, டெரி நகரத்தின் விடுதிப் பள்ளிக்குச் சென்றார் ஹீனி. 1947ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட கதவு அது. பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1961இல் முதல் வகுப்பில் தேறினார். ஏர் பிடித்த குடும்பத்தில் பேனா பிடித்த முதல் தலைமுறை என்று சுருக்கமாய்ச் சொல்லலாம்.

உருளைக்கிழங்கு உரித்த வேளை

1966இல் வெளிவந்த அவருடைய முதல் பெருந்தொகுப்பின் முதல் கவிதையே தந்தையைப் பற்றியதுதான். சன்னலுக்கு வெளியே தந்தை மண்ணைக் கிளறுகிறார். அவருக்கு முன் பாட்டனார், அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டிகளாய் வெட்டியெடுத்தார். எழுதும் மகனின் கையில் மண்வெட்டி இல்லை, பேனாவே உண்டு. அதைக் கொண்டே தோண்டுவதென்று அவர் உறுதி கொள்கிறார். தந்தையின் தொழிலை விட்டு விலகியவர் அந்தத் தொழிலின் நேர்த்தியைத் தம் தொழிலில் காப்பாற்ற முனைந்தார். படித்து உயர்ந்தபின் பெற்றோரின் உழைப்பைச் சொல்லக் கூசுவோர் எங்கும் உண்டு. அக்கூச்சம் அவரிடம் இல்லை.

மற்றொரு கவிதையில், சிறுவனாய்த் தந்தையின் ஏரின் பின்னே தடுக்கி விழுந்து நடந்ததை நினைவுகூர்கிறார். அதன் முடிவில் காட்சி தலைகீழாகிறது: இப்போது முதிய தந்தை மகனின் பின்னே தடுமாறி வருகிறார், விலகிப் போக மறுக்கிறார். மகனுக்குள் எழும் சலிப்பைக் கவிஞர் மறைக்கவில்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் வரலாகாது என்று திருமறை நமக்குக் கற்பிக்கிறது. அச்சலிப்பு மனித மனத்தில் எழக்கூடியது என்பதனாலன்றோ அக்கட்டளை வந்தது? எழும் இடத்தை உள்ளபடி காட்டுகிறவர், அதை அடக்கும் தேவையையும் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

தாயை அவர் எழுதியது இன்னும் ஆழமானது. அன்னையார் 1984இல் மறைந்தார். 1987இல் வந்த தொகுப்பில், அவர் நினைவாக எட்டுச் சிறு கவிதைகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாதது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டனர். தாயும் மகனும் மட்டும் அமர்ந்து உருளைக்கிழங்கு உரிக்கின்றனர். பேச்சில்லை, உரித்த கிழங்குகள் ஒவ்வொன்றாய் வாளித் தண்ணீரில் விழும் ஒலி மட்டுமே. பல ஆண்டுகள் கழித்துத் தாயின் மரணப் படுக்கையில் குரு இறுதி மன்றாட்டுகளை ஓதுகிறார். சுற்றி நிற்போரில் சிலர் பதிலுரைக்கின்றனர், சிலர் அழுகின்றனர். மகனுக்கோ, தம் பக்கம் சாய்ந்த அந்தத் தலையும் அந்த மூச்சும் நீரில் நனைந்த கத்திகளுமே நினைவில் எழுகின்றன. வாழ்நாளில் அந்தளவு இருவரும் நெருங்கியிருந்த வேளை வேறில்லை என்று அவர் எண்ணுகிறார்.

கூட்டு வழிபாட்டை இதனால் அவர் இழிவுபடுத்தினார் என்று நாம் கொள்ளவில்லை. பாசம் பெரும்பாலும் சொற்களால் கைமாறுவதில்லை. கூடவே செய்யும் வேலையால் கைமாறுகிறது என்பதே அக்கவிதை தரும் அறிவு. பிள்ளைகளுக்கு மார்க்கத்தைக் கற்பிக்க வகுப்புகளை ஏற்பாடு செய்கிறோம், அது வேண்டியதே. ஆனால் அவர்களோடு அமர்ந்து ஒரு வேலையைப் பேசாமல் செய்து முடிக்க எத்தனை வீடுகளில் நேரம் இருக்கிறது?

அதே வரிசையில் இன்னொரு கவிதை, படித்த பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. மகன் கற்ற பெரிய சொற்களைத் தாய் உச்சரிக்கத் தயங்குகிறார். வேண்டுமென்றே பிழையாய்ச் சொல்வதுபோல் நடிக்கிறார். மகனோ தாயின் முன் தம் நாவை அடக்கிக்கொண்டு, கற்ற இலக்கணத்தை ஒதுக்கிவைத்து, வீட்டுப் பேச்சிலேயே பேசுகிறார். அந்த நாவடக்கத்தில் மரியாதையும் இருக்கிறது, தூரமும் இருக்கிறது. இரண்டையும் அவர் சொல்லிவிடுகிறார்.

முற்றத்தில் காத்து நின்றவர்

வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டுத் தொகுப்பில் அடுத்த வயலுக்காரரைப் பற்றிய கவிதை ஒன்று உண்டு. அவர் பிரஸ்பிட்டேரியன் பிரிவைச் சேர்ந்த புராட்டஸ்டண்டு முதியவர். பேச்சுக்குப் பேச்சு வேதாகமத்தை எடுத்தாள்பவர். ஹீனியின் குடும்பத்து நிலத்தை வறண்டது என்பார். அவர்களுடைய சமயத்தார் வேதநூலின்படி வாழ்வதே அரிது என்றும் முகத்துக்கு நேரே சொல்வார். பெரும்பான்மைச் சமூகத்தின் மிதப்பு அவர் பேச்சில் உண்டு. கவிஞர் அதைப் பூசி மெழுகவில்லை.

ஆனால் கவிதை அங்கே முடியவில்லை. சில இரவுகளில் ஹீனியின் வீட்டுச் சமையலறையில் குடும்பமே மண்டியிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது வெளியே முதியவரின் காலடி ஓசை கேட்கும். அவர் உடனே கதவைத் தட்டுவதில்லை. தமக்கு உடன்பாடில்லாத அந்த வழிபாடு முடியும் வரை இருளில் நிற்பார். இறுதி மன்றாட்டும் ஓய்ந்தபின்தான் கதவு தட்டப்படும். இந்தப் பக்கமாய் நடந்து வந்தேன், அப்படியே எட்டிப்பார்க்கலாம் என்று தோன்றியது என்பதாக ஏதோ சொல்வார்.

தனக்கு ஏற்பில்லாத தொழுகைக்கும் இடையூறு செய்யாமல் காத்து நிற்கும் அந்த மரியாதையை நாம் எளிதாய்க் கடந்து போகலாகாது. கொள்கையில் ஒரு அடியும் விட்டுக்கொடுக்காத மனிதர் நடத்தையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்! கவிதையின் முடிவில் கவிஞரும் ஒரு சோதனைக்கு ஆளாகிறார். இப்போது இருண்ட முற்றத்தில் அந்த முதியவருக்குப் பின்னால் நிற்பவர் அவரே. பேசாமல் நழுவிவிடுவதா, அருகே சென்று தோளைத் தொட்டு வானிலையைப் பற்றியோ புல்விதையின் விலையைப் பற்றியோ பேச்சுக் கொடுப்பதா? அக்கேள்வியோடு கவிதை நின்றுவிடுகிறது. நல்லிணக்கம் என்ற பெருஞ்சொல் அதில் இல்லை. புல்விதையின் விலை இருக்கிறது. அண்டை வீட்டாருடன் உறவு தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய சிறு பேச்சில்தான்.

பகையின் கதையையும் அவர் விடவில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டியார் புராட்டஸ்டண்டாய்ப் பிறந்து, கத்தோலிக்கரை மணந்து சமயம் மாறியவர். கோயிலுக்குப் போன முதல் ஞாயிறன்று அவர்மீது எறியப்பட்ட கல்லை, நூறாண்டுகளுக்குப் பின்னும் தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் கல்லாகவே ஹீனி எழுதினார். தாய்வழி வந்த சொத்தாகவே அக்கல்லை அவர் ஏற்றுக்கொள்கிறார், திருப்பி எறியவில்லை.

கூட்டத்தின் தீர்ப்பு

தம்மவர்மீது பிறர் எறிந்த கல்லைச் சொல்வது எளிது. தம்மவர் எறிந்த கல்லைச் சொல்வதே கடினம். இங்கேதான் ஹீனி நமக்கு முக்கியமானவர் ஆகிறார்.

1972 ஜனவரி 30ஆம் நாள் டெரி நகரத்தில் உரிமைப் பேரணியில் வந்தவர்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டனர்; அன்றே 13 பேர் உயிரிழந்தனர். கத்தோலிக்கச் சமூகம் கொதித்தது. துக்கம் காக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி தன் மக்களுக்கு அது கட்டளையிட்டது. அதை மீறி, வழக்கம்போல் மதுக்கடைக்குப் போனார் ஒரு மீனவர். அங்கே வெடித்த குண்டில் அவர் மாண்டார். ஹீனிக்கு அவரைத் தெரியும். அவரைப் பற்றி எழுதிய கவிதையில், 13 பேரின் இறுதி ஊர்வலத்தின் பேரெழுச்சியையும் எழுதுகிறார். அதற்குள் அடங்காமல் தனித்துப் போன ஒரு மனிதரையும் எழுதுகிறார். கூட்டத்தின் கட்டளையை மீறியதற்கு அவர் எவ்வளவு குற்றவாளி என்ற கேள்வியை வாசகரின் முன் வைக்கிறார். அந்த மனிதரின் குடிப்பழக்கத்தை நாம் சரிகாண இயலாது. ஆனால் ஒருவரிடம் குறை இருப்பதால் அவர் உயிரின் மதிப்பு குறைந்துவிடுமா? அந்தக் கேள்வி நமக்கும் உரியது.

1975ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதைவிடக் கடுமையான கவிதை உண்டு. பிரிட்டிஷ் படைவீரர்களோடு பழகினார்கள் என்பதற்காகக் கத்தோலிக்க இளம்பெண்கள் சிலருக்குத் தலையை மழித்து, தார் பூசி, தெருவில் கட்டிவைத்துத் தண்டனை கொடுத்தனர், அவர்களுடைய சொந்தச் சமூகத்தார். வட ஐரோப்பாவின் சதுப்பு நிலத்தில் கண்டெடுக்கப்பட்ட பழங்கால உடலொன்றின் முகத்தில் ஹீனி இப்பெண்களைக் காண்கிறார். பிறகு அவர் கூறுவதே திடுக்கிட வைப்பது: அக்காலத்தில் தாம் இருந்திருந்தால் தாமும் மௌனம் என்னும் கல்லை எறிந்திருப்போம் என்கிறார். இக்காலத்தில் இப்பெண்கள் அழுதபோது தாம் வாய்மூடி நின்றதையும் ஒப்புக்கொள்கிறார். நாகரிகச் சொற்களால் கண்டிக்கவும், உள்ளுக்குள் அந்தப் பழிவாங்கலைப் புரிந்துகொள்ளவும் செய்யும் தம் இரட்டை மனத்தை வெளியே எடுத்து வைக்கிறார். அத்தொகுப்பு வன்முறைக்குப் பழங்கதைச் சாயம் பூசுவதாகச் சக கவிஞர் ஒருவரே குறைகூறியதும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் மௌனமும் ஒரு கல்தான் என்று தம்மையே சுட்டிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

முதல் குற்றவாளி தாமே

அவர் கையாண்ட முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. பிறர் குற்றத்தை எழுதும்முன் தம் குற்றத்தை எழுதுகிறார்.

1975இல் அவருடைய உறவினரான இளைஞர் ஒருவர், சமயப் பகையால் சாலையில் கொல்லப்பட்டார். அவருக்காக ஹீனி ஓர் இரங்கற்பா எழுதினார். அழகும் அமைதியும் நிறைந்தது என்று பலரும் புகழ்ந்தனர். ஆனால் 1984இல் வெளிவந்த நெடுங்கவிதையில் அதே இளைஞரின் ஆவி கவிஞர்முன் தோன்றுகிறது; தன் கோர மரணத்தை அழகுபடுத்தி உண்மையை மறைத்துவிட்டாய் என்று அவர்மீது குற்றம் சாட்டுகிறது. தாம் புகழ்பெற்ற கவிதையைத் தாமே கூண்டிலேற்றுகிறார் கவிஞர்.

அந்த நெடுங்கவிதையின் களம் லாக் டெர்க் ஏரியிலுள்ள தீவு ஒன்று. அயர்லாந்துக் கத்தோலிக்கர் நூற்றாண்டுகளாய்ப் புனிதப் பயணம் செல்லும் இடம் அது. மூன்று நாள் வெறுங்காலுடன் நடந்து, நாளுக்கு ஒருவேளை வறட்டு ரொட்டியும் பாலில்லாத் தேநீரும் மட்டும் உண்டு, ஓர் இரவு முழுதும் கண்விழித்திருப்பர். நோன்பும் இரவு வணக்கமும் நமக்கு அந்நியமல்ல. அவை மனிதரைத் தம் கணக்கைத் தாமே பார்க்கச் செய்கின்றன என்பதையும் நாம் அறிவோம். மறுமையில் கணக்குக் கேட்கப்படும்முன் இம்மையில் தன்னைத்தானே கணக்குப் பார்க்கும் முஹாஸபா என்னும் பயிற்சியை நம் ஆலிம்கள் வலியுறுத்தி வந்துள்ளனர். வழிபாட்டில் தளர்ந்துவிட்ட கவிஞர் தம்மைக் கணக்குப் பார்க்க அந்தத் தீவையே தேர்ந்தெடுத்தார். சிறுவயதில் பதிந்த வழிபாட்டின் அச்சு எளிதில் அழிவதில்லை. நம் பிள்ளைகளின் சிறுபருவத்தை நாம் அலட்சியமாய் எண்ணலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இருளில் பற்றிய கை

1995 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் உரை ஆற்ற நின்றார் ஹீனி. உலகமே செவிசாய்த்த மேடை. தம் மக்கள் பட்ட துன்பத்தை மட்டும் அங்கே அடுக்கியிருந்தாலும் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தேர்ந்தெடுத்த நிகழ்வோ வேறு.

1976 ஜனவரி மாதத்து மாலைப் பொழுது. ஆர்மா மாவட்டத்தில் கிங்ஸ்மில் என்னுமிடத்தில், வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்களின் சிற்றுந்தை முகமூடி அணிந்த ஆயுததாரிகள் மறித்தனர். அனைவரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினர். கத்தோலிக்கர் எவரேனும் இருந்தால் முன்னே வரும்படி ஆணையிட்டனர். அங்கிருந்த கத்தோலிக்கர் ஒருவரே. மற்ற அனைவரும் புராட்டஸ்டண்டுகள். வந்தவர்கள் புராட்டஸ்டண்டு ஆயுதக்குழுவினர், கொல்லப்படப் போகிறவர் அந்தக் கத்தோலிக்கரே என்றுதான் எவரும் நினைத்திருப்பர். அவர் முன்னே நகர முனைந்த கணத்தில், பக்கத்தில் நின்ற புராட்டஸ்டண்டுத் தொழிலாளியின் கை அவர் கையைப் பற்றி அழுத்தியது. அசையாதே, நீ யாரென்று நாங்கள் சொல்லமாட்டோம் என்பது அந்தப் பிடியின் பொருள். ஆனால் அவர் ஏற்கெனவே முன்னே வந்துவிட்டார். துப்பாக்கி அவரை நோக்கித் திரும்பவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு மற்றவர்களையே சுட்டது. பத்துப் பேர் மாண்டனர். சுட்டவர்கள் கத்தோலிக்கத் தரப்பின் ஆயுததாரிகள்.

தம் தரப்பார் செய்த கொலையையும், மறுதரப்புத் தொழிலாளி காட்டிய மனிதத்தையும் ஒருசேர உலகின் முன் வைத்தார் ஹீனி. தாம் விரும்பும் எதிர்காலம் துப்பாக்கியில் இல்லை, இருளில் பற்றிய அந்தக் கையில் இருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். இதனால் அவர் தம் சமூகத்தின் எதிரி ஆகிவிட்டாரா? 1982இல் வெளிவந்த பிரிட்டிஷ் கவிதைத் தொகை நூல் ஒன்று தம்மைச் சேர்த்துக்கொண்டபோது, தாம் பிரிட்டிஷார் அல்லர் என்று மறுத்து வெளிப்படையாகவே செய்யுள் மடல் எழுதியவரும் அவரே. இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் ரயிலில் எதிரே அமர்ந்து, எங்களுக்காக எப்போது எழுதப் போகிறாய் என்ற தொனியில் வற்புறுத்தியபோது, எழுதினால் தம் மனச்சான்றின்படியே எழுதுவதாக நின்றவரும் அவரே. எந்தத் தரப்பின் கைத்தட்டலுக்கும் அவர் விலைபோகவில்லை.

நமக்கு என்ன?

நீதிக்குச் சாட்சியாய் நிற்பது தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராய் அமைந்தாலும் அதிலிருந்து விலகலாகாது என்பது திருக்குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை. அநீதி இழைக்கும் சகோதரனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வினவியபோது, அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதையும் அறிவோம். ஆகவே ஹீனியிடம் நாம் காண்பது நமக்குப் புதிய கொள்கை அன்று. நம்மிடம் கட்டளையாய் இருப்பதை வேறொரு மண்ணில் ஒருவர் எவ்வளவு விலைகொடுத்து வாழ்ந்து பார்த்தார் என்பதற்கான சான்று அது.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தனிமனிதரின் அந்தரங்கக் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் நற்செயல். புறம் பேசுவது பெரும்பாவம். உண்மை பேசுகிறோம் என்ற பெயரில் பிறர் வீட்டுத் திரையை விலக்குவதற்கு இக்கட்டுரையில் அனுமதி இல்லை. ஹீனியும் அதைச் செய்யவில்லை. தார் பூசப்பட்ட பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை; பூசிய ஆண்களின் பெயரையும் எழுதவில்லை. எழுதியது தம் மௌனத்தை. தனிமனிதரின் பாவம் வேறு. கூட்டமாய் நின்று செய்யும் அநீதி வேறு. முன்னதை மூடவேண்டும். பின்னதை மூடினால் நாமும் அதில் பங்காளிகள்.

கைக்கூலி கேட்கும் திருமணத்தில் நாம் போய் விருந்துண்கிறோமே, அதுவும் ஒரு மௌனம். சகோதரிக்குரிய சொத்துப் பங்கைச் சகோதரர்கள் எழுதி வாங்கிக்கொள்ளும்போது பெரியவர்கள் பார்த்திருக்கிறார்களே, அதுவும் ஒரு மௌனம். ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்கிவைக்கும்போது பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே, அதுவும் ஒரு மௌனம். வெளியார் நம்மைப் பழிப்பார்களே என்ற அச்சம் இம்மௌனங்களுக்குக் காரணம் சொல்லலாம். இவற்றை நியாயமாக்க முடியாது. நம் குறையை நாம் நேசத்தோடு சொல்லாவிட்டால், பகையோடு சொல்ல வேறு யாராவது வருவார்கள். அப்போது அதில் உண்மையும் பாதியே இருக்கும்.

இதைத் தொடங்கவேண்டிய இடம் வீடு. ஹீனி கூட்டத்தின் குற்றத்தை எழுதும் தகுதியைப் பெற்றது, வீட்டின் நேசத்தை முதலில் எழுதியதனால்தான். தாயின் கையும் தந்தையின் உழைப்பும் தெரியாதவர் எழுதும் கண்டனம் வெறும் வசையாய்ப் போகும். நம் பிள்ளைகள் எழுதட்டும். வாப்பாவின் கடையை, உம்மாவின் அடுப்படியை, பாட்டியின் தஸ்பீஹ் மணியை, நோன்புக் காலத்துத் தெருவை, வாசலில் காத்து நின்ற மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாரை எழுதட்டும். அவர்கள் எழுதியதில் நமக்குப் பிடிக்காத வரி ஒன்று வந்தால், கிழித்தெறியாமல் ஒருமுறை படித்துப் பார்ப்போம். அது பொய்யானால் அன்போடு திருத்துவோம். மெய்யானால் நம்மைத் திருத்திக்கொள்வோம்.

2013 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஹீனி மறைந்தார். இறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், மருத்துவமனையிலிருந்து மனைவிக்கு லத்தீன் மொழியில் கைபேசிச் செய்தி ஒன்று அனுப்பினார் என்பதை அவருடைய மகன் இறுதிச் சடங்கில் தெரிவித்தார். அஞ்சாதே என்பது அதன் பொருள். தம் ஊர்ப்பக்கமான பெல்லாஹியில், பெற்றோரும் சிறுவயதில் விபத்தில் மாண்ட தம்பியும் துயிலும் இடுகாட்டிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். தம்மவரின் தவற்றைச் சொன்னவரைத் தம்மவர் ஒதுக்கிவிடவில்லை; மூன்றாண்டுகளுக்குப் பின் அவ்வூரிலேயே அவருக்கொரு நினைவகமும் திறக்கப்பட்டது.

நம்மவரிடம் உண்மை பேச நமக்கும் அச்சம் உண்டு. நேசமும் நீதியும் ஒருசேர வாய்த்தவர்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக!